முதல் ஐநூறு கிலோமீட்டர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

நான் நலம், நீயும் நலமா இருப்பேன்னு நம்புறேன். இந்த வரி இல்லாம கடிதம் எழுதக் கூடாதுன்னு போன தடவை திட்டினே, எழுதிட்டேன். இனி விஷயம்.

இன்ஜின் பூட்டியாச்சு! நேத்து கடைசி போல்ட்டை முறுக்கினேன். அத்தான் நமக்குன்னு விட்டுட்டு ஓடினது ரெண்டே ரெண்டு: பாப்பாவும், இன்ஜின் இறுகிப்போன வேனும். பாப்பா தானா வளர்றா. வேனைத்தான் நான் ஒவ்வொரு நட்டா வளர்க்க வேண்டியிருக்கு.

சிலிண்டரை மட்டும் வெளியில கொடுத்துக் கடைஞ்சேன். போரிங் பட்டறைக்காரருக்கு நான் வச்ச பேரு மில்லிமீட்டர். டீயில சக்கரை போதுமான்னு கேட்டாக்கூட அளந்து பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவார். அவர் எனக்கு வச்ச பேரு 'பாதி'. பாலிடெக்னிக்கைப் பாதியில விட்டவளாம்.

"ஏன்டி விட்டே?"ன்னார்.

"ரெண்டு வருஷம் இன்ஜினைப் பலகையில வரைஞ்சே காட்டினாங்க. ஒரு நாள் தொட விடல."

"அப்போ உன் மேல தப்பு பாதிதான்"னார். அதையும் அளந்துட்டார்.

இப்போ முக்கியமானது. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது புது ரூட்டுக்கு ஒரு வேன் வேணுமாம். ஏப்ரல் பத்தாம் தேதி புகை சோதனை. அதுல பாஸ் ஆனா ரூட்டு எனக்குன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. ரூட்டு கிடைச்சா நாம மூணு பேரும் சாப்பிடலாம். நீ அங்க வீட்டு வேலையில கிடக்க வேண்டாம். ஏஜெண்ட் இன்னொரு நாலு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்பார், போட்டுடாத. நீ போகும்போது பாப்பாவுக்கு ஒரு வயசு, இப்போ நாலு. இன்னும் நாலு போனா எட்டு.

ஒண்ணை மறைக்காம சொல்லிடுறேன். போன வாரம் நர்சரி வாசல்ல என்னை அம்மான்னு கூப்பிட்டா. "நான் உன் சித்திடி"ன்னேன். "சரி, சித்தியம்மா"ன்னுட்டு உள்ள ஓடிட்டா. ஆயாம்மா எல்லாம் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. சீக்கிரம் வந்து சேரு.

இதெல்லாம் போன்ல பேச முடியாது. நீ எடுத்ததுமே அழறே, அவ பயந்து கட்டிலுக்கு அடியில புகுந்துடுறா.

உன்
வாயாடி

~

பிப்ரவரி 19

என் அன்பு வாயாடிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் கடிதத்தை, நான் பார்த்துக்கொள்கிற இந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, சமையலறையை ஒட்டிய என் அறையில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். பெரியம்மா முன்பு போல எழுந்து உட்காருவதில்லை. திருப்பிப் படுக்க வைப்பதற்கே எனக்கு இரண்டு கை போதவில்லை.

அம்மா என்று கூப்பிட்டாளா? மறைக்காமல் எழுதினாயே, அது போதும். உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். அவளைத் திருத்தாதே. கூப்பிடட்டும். நான் வந்து அந்த வார்த்தையை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

லீவு நாளில் வண்டிச் சாமான் கடைக்குப் போனேன். எனக்கு அவர்கள் பாஷை சரியாக வராது. வேன் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் என்னென்னவோ கேட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இருப்பதிலேயே நல்லது எது என்று கையால் கேட்டேன். ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து இறக்கித் தந்தார். தங்க நிறத்தில் இரண்டு கேன் ஆயில். மூடியைத் திறந்து பார்த்தேன், தேன் மாதிரி இருக்கிறது. என்னைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரப் போகிற இன்ஜின், அதற்கு மட்டமானதை ஊற்றலாமா? பார்சலில் போட்டுவிட்டேன். கூடவே பாப்பாவுக்கு ஒரு நீலக் கவுன்.

ஊற்றிய அன்றைக்கே எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு
அக்கா

~

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நலம், நலம். பார்சல் வந்துச்சு. உன் ஆயில் வேலைக்கு ஆகாது.

கோவிச்சுக்காத, முழுசாப் படி. புதுசாக் கட்டின இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒண்ணுக்கொண்ணு முன்னப்பின்னத் தெரியாததுங்க. சுவர்ல வேணும்னேதான் குறுக்கும் நெடுக்குமாக் கீறி வச்சிருக்கு. முதல் ஐநூறு கிலோமீட்டர் ரிங் அந்தக் கீறல்ல உரசணும். உரசி, ரெண்டும் கொஞ்சங் கொஞ்சம் தேய்ஞ்சு, அப்புறம்தான் பொருந்தி உட்காரும். அதுக்கு சாதா மினரல் ஆயில்தான் சரி. நீ அனுப்பினது சிந்தெடிக். ரொம்ப நல்ல ஆயில், இல்லேங்கல. அதுதான் தொல்லையே. அவ்வளவு வழுக்கினா ரிங் உரசவே உரசாது. ரிங் உட்காரலைன்னா ஆயில் மேல ஏறி எரியும், சைலன்சர்ல நீலப்புகை கக்கும். புகை சோதனைக்காரன் பாத்த உடனே வண்டியை வெளிய தள்ளிடுவான்.

முக்குக் கடைக்காரன் ஒரு டப்பாவை நீட்டி, "இது உராய்வே இல்லாத ஆயிலும்மா"ன்னான். "உராயறதுக்குத்தான்யா நான் ஆயிலே தேடுறேன்"னேன். பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாத்தான். மில்லிமீட்டர் ஒரு சீட்டுல எழுதியே கொடுத்திருக்கார்: சாதா மினரல், வேற எதையும் கலக்காதே, சும்மா நிறுத்தி வச்சு ஓட்டாதே, மேட்டுல ஏத்து, ஐம்பதுல ஒரு தடவை மாத்து, ஐநூறுல ஒரு தடவை மாத்து. உன்னுதை ஐயாயிரம் ஓடினப்புறம் ஊத்திக்கலாம். ரெண்டு கேனையும் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன்.

கவுனும் நுழையல. கழுத்துலயே மாட்டிக்கிச்சு, பாப்பா கத்தினதுல பக்கத்து வீட்டுல இருந்து ஆள் வந்துட்டாங்க. நீ இன்னும் அவளை ரெண்டு வயசுன்னு நினைச்சு வாங்குறே.

டீசலைப் பீய்ச்சுற நாஸில் இன்னும் வரணும். வந்ததும் ஸ்டார்ட் பண்ணிட வேண்டியதுதான்.

உன்
வாயாடி

~

மார்ச் 13

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். நீ எழுதியது சரியாகத்தான் இருக்கும். இன்ஜினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

போன முறை செருப்பு சின்னதாகிவிட்டது. அதற்கு முன் பொம்மை. அவளுக்குப் பயம் என்று அலமாரி மேல் தூக்கி வைத்தாய். ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாய். இப்போது கவுன். நான் இங்கே நின்று நின்று தேர்ந்தெடுத்து அனுப்பியதில் ஒன்றுகூட அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. மூன்று வருடம். நேற்று ராத்திரி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

குழந்தை வளர்கிறாள், பார்சல் போய்ச் சேர்வதற்குள் அளவு மாறிவிடுகிறது. ஆயிலுக்கு வயசு இல்லை, அளவு இல்லை என்று நினைத்து வாங்கினேன். இதிலாவது என் கை படட்டும் என்று.

சரி விடு. யாருக்காவது கொடுத்துவிடு.

ஏஜெண்ட் கொடுத்த தாள் மேஜை மேல் இருக்கிறது. ஏப்ரல் ஐந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இனி வேலைக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள் வேன் ஓடிவிடுமா என்று மட்டும் எழுது. சோதனை பத்தாம் தேதி என்றாய். அதுவரை இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். உன் வார்த்தைதான் எனக்கு.

அக்கா

~

மார்ச் 23

என் அன்பான அக்காவுக்கு,

நலம். உன் உடம்பைப் பாத்துக்கோ. பெரியம்மாவைத் தூக்கும்போது இடுப்பைப் பாத்துக்கோ.

அக்கா, வேன் ஓடிடுச்சு! ரெண்டாவது சாவிக்கே பிடிச்சுக்கிச்சு. பாப்பா ஸ்டியரிங் முன்னாடி உட்கார்ந்து ஹாரனை விடவே இல்ல. தெருவே எட்டிப் பாத்துச்சு.

இன்னொண்ணு. உன் ஆயிலைத்தான் ஊத்தினேன். ரெண்டு கேனும். விசாரிச்சேன், இப்போ வர்ற புது வண்டியெல்லாம் கம்பெனியிலேயே இதை ஊத்தித்தான் அனுப்புறாங்களாம். நான்தான் அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு அவசரப்பட்டு எழுதிட்டேன். மில்லிமீட்டர் ஒண்ணும் சொல்லல. இன்ஜின் சத்தம் எவ்வளவு மெதுவா இருக்கு தெரியுமா? பூனை மாதிரி. எல்லாம் உன் கைராசி.

கவுனையும் பக்கத்துல பிரிச்சுத் துணி வச்சுத் தைக்கச் சொல்லியிருக்கேன். பாப்பா உன் போட்டோவுக்கு முத்தம் கொடுத்துட்டுத்தான் தினமும் தூங்குறா.

யோசிக்காம, இனி வேலைக்கு வரமாட்டேன்னு எழுதிக் கொடுத்துடு. கிளம்பி வா.

உன் அன்புத்
தங்கச்சி

~

ஏப்ரல் 3

என் செல்ல வாயாடிக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன்! நேற்று மத்தியானம். வீட்டுக்கார அம்மா, யோசித்துத்தான் செய்கிறாயா என்று கேட்டார். எங்கள் வேன் ஓடுகிறது என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

நீ இவ்வளவு இனிமையாக ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. உறையில் இருப்பது உன் கையெழுத்துதானா என்று திருப்பிப் பார்த்தேன். அந்தப் போட்டோ எது? சமையலறை ஜன்னலில் நான் எடுத்து அனுப்பியதா? அதில் நான் மெலிந்து தெரிவேனே.

ஜூன் முதல் வாரம் வந்து சேர்வேன். அழைக்க வேனிலேயே வா. டாக்ஸி எல்லாம் வேண்டாம். நான் முன் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பூனைச் சத்தத்தைக் கேட்க வேண்டும். பாப்பாவுக்கு இப்போது என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், தலைக்குக் குளிக்க அழுவாளா, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன். வந்தவுடன் அவளிடம் எதையும் தப்பாகச் செய்துவிடக் கூடாது.

உன்
அக்கா

~

ஏப்ரல் 15

அக்கா,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்ல இது. உடனே ஏஜெண்டைப் போய்ப் பாரு. வேலையை விடாத. எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கேளு.

சோதனையில வேன் ஃபெயில். இதைப் போன்ல சொல்ல எனக்குத் தைரியம் வரல, அதான் எழுதுறேன்.

உன் கடிதத்தைப் படிச்சேன்ல, வயசு இல்லை அளவு இல்லைன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சுட்டு நான் நல்லா இல்ல. அன்னைக்கு நாஸில் வந்திருந்துச்சு. மினரல் ஆயில் வாங்கி, டப்பா திறந்து, புனல் எல்லாம் வச்சுட்டேன். அப்புறம் போய்க் கட்டிலுக்கு அடியில இருந்து உன் கேனை இழுத்தேன். யார்கிட்டயும் விசாரிக்கல. புது வண்டி கதை அப்பவே தோணினது. மில்லிமீட்டர் ஒண்ணும் சொல்லலைன்னு எழுதினேனே, நான் சொன்னாத்தானே அவர் சொல்லுவார்.

முதல் வாரம் நல்லா ஓடுச்சு. எனக்கே ஆணவம் வந்துடுச்சு. ரெண்டாவது வாரம் ஆயில் பாக்குற கம்பியை இழுத்தா நுனி காய்ஞ்சு கிடக்கு. அப்புறம் நீலப்புகை. பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனேன். மில்லிமீட்டர் சைலன்சர்ல விரலை விட்டுப் பாத்தார்.

"என்ன ஆயில் ஊத்தினே?"

காலிக் கேனைக் காட்டினேன்.

"ஏன் பாதி, நீ படிச்ச பாதியில இது வரலையா? சீட்டு வேற எழுதிக் கொடுத்தேனே."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"அக்கா அனுப்பினது."

கையில இருந்த துணியைக் கீழ வச்சுட்டார். அப்புறம் ஒரு வார்த்தை திட்டல அக்கா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆயிலை வடிச்சுட்டு மினரல் ஊத்தி, பின்னாடி மணல் மூட்டை ஏத்தி, மூணு நாள் மேட்டு ரோட்டுல ஏத்தி இறக்கினேன். ரிங் உட்காரல. புகை நிக்கல. பத்தாம் தேதி சோதனைக்காரன் இன்ஜினை அணைக்கக் கூட விடல, "வெளிய எடும்மா"ன்னான். பெரிய டீச்சர்கிட்டப் போனேன். வேற வேன்காரர் உள்ள உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தார்.

முந்தாநேத்து இன்ஜினைப் பிரிச்சேன். கீறல் பள்ளத்துல எல்லாம் ஆயில் வெந்து பிசின் மாதிரி படிஞ்சு, சுவர் கண்ணாடி கணக்கா மின்னுது. என் மூஞ்சி தெரியுது அதுல.

நான் பட்டறையில வேலைக்குச் சேந்துட்டேன். அந்தச் சம்பளம் எனக்கும் பாப்பாவுக்கும் காணும். மூணாவது ஆளுக்குக் காணாது. இப்படி எழுதுறது கேவலமாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு தடவை உன்கிட்ட நல்லா எழுத மாட்டேன்.

என்னைத் திட்டி எழுது.

வாயாடி

~

ஏப்ரல் 29

தங்கைக்கு,

திட்ட மாட்டேன். அந்த ஆயிலை நான் அனுப்பினேன், நீ ஊற்றினாய். இரண்டு பேரும் ஆசைப்பட்டுச் செய்தது.

உன் கடிதம் வந்தபோது எனக்குப் பதிலாக வந்த பெண் சமையலறையில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். மருந்து எந்த அலமாரியில் என்று அவளுக்குக் காட்டிவிட்டு ஏஜெண்டிடம் போனேன். இங்கே இனி இடம் இல்லை என்றார். வேறு ஊரில் வேறு வீடு, படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். நாலு வருடம். முதல் இரண்டு வருடம் லீவு கிடையாது. வெறுங்கையோடு வந்துவிடலாமா என்றும் நினைத்தேன். வந்து, நீ பட்டறையில் கொண்டுவருவதை மூன்றாகப் பிரித்து, அவள் தட்டில் குறைப்பதா? கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே பத்தாம் தேதி போகிறேன். புது விலாசம் கீழே.

இன்ஜினுக்காக நான் அழவில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்.

ஆயில் ஆகாது என்று எழுதினாயே, அந்தக் கடிதம் எனக்கு வலித்தது. ஆனால் அதை அப்படியே நம்பினேன். உன் கடிதங்கள் எல்லாமே அப்படித்தான், முகத்தில் அடித்த மாதிரி. மூன்று வருடமாக அந்த வீட்டை நான் உன் கடிதத்தில்தான் பார்க்கிறேன். மார்ச் மாதக் கடிதம் ஒன்றில் மட்டும் நீ நீயாக இல்லை. அதே கடிதத்தில்தான், பாப்பா என் போட்டோவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள் என்றும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் அன்றைக்கு எழுதிக் கொடுத்தேன். ஆயிலுக்காக இல்லை.

அது உண்மை என்றால் அடுத்த கடிதத்தில் இன்னொரு முறை எழுது. இல்லை என்றால், அவளைப் பற்றி ஒன்றும் எழுதாதே. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். நான் புரிந்துகொள்வேன். சமாதானம் மட்டும் சொல்லாதே.

அக்கா

~

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். புது வீட்டு விலாசத்துக்கு எழுதுறேன், கிடைச்சிருக்கும்னு நம்புறேன். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். அதான் இவ்வளவு நாள்.

இன்ஜினை மறுபடி கட்டிட்டேன். சுவரைத் திரும்பவும் கீற வேண்டியதாப் போச்சு. மில்லிமீட்டர் மெஷினை என் கையிலயே கொடுத்துட்டு வெளிய போய் நின்னுக்கிட்டார். புது ரிங். சாதா மினரல் ஆயில், முக்குக் கடையில இருக்கிறதிலேயே கீழ்த்தட்டுல இருந்தது. ஸ்டார்ட் பண்ணின உடனே மேட்டு ரோட்டுக்குத்தான் ஓட்டினேன், சும்மா நிறுத்தி வைக்கவே இல்ல. சத்தம் பூனை மாதிரி எல்லாம் இல்ல, கரகரன்னுதான் இருந்துச்சு. ஐம்பது கிலோமீட்டர்ல ஆயிலை வடிச்சேன். கறுப்பா வந்துச்சு. வெயில்ல பிடிச்சுப் பாத்தா உள்ள இரும்புப் பொடி மினுக்குது. அது நல்லதுதானாம், ரெண்டும் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தமாம்.

பள்ளிக்கூடம் இன்னைக்குத் திறந்துட்டாங்க. ரூட்டுல அந்த ஆளு வேன்தான் போகுது. நான் மார்க்கெட்டுக்கு மூட்டை அடிக்கிறேன், வாரத்துல மூணு நாள். மத்த நாள் பட்டறை.

நேத்து ஐநூறு கிலோமீட்டர் முடிஞ்சுது. ரெண்டாவது தடவையும் ஆயில் மாத்திட்டேன். கம்பியில அளவு குறையல. புகை இல்ல.

வேற விசேஷம் எதுவும் இல்ல அக்கா.

இப்படிக்கு,
தங்கச்சி